திபெத்துக்குப் புத்த சமயம் கொண்டுபோனது ராசாவா, ராணிகளா, வானத்தில் இருந்து விழுந்த பெட்டியா?

காவற்கொட்டில்:

ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் காலபோக வயல் இப்போது பால் பிடிக்கிற பருவம், அதனால் இரவு முழுக்கக் கொட்டிலில் யானைக் காவல். பக்கத்தில் இரண்டு யானை வெடி, ஒரு ரோச், போத்தலில் பிளேன்ரீ, நித்திரை கொள்ளாமல் இருக்க ஒரு காதில் மட்டும் யூரியூப் (இரண்டு காதிலும் போட்டால் வேலி முறிகிற சத்தம் கேட்காது). மச்சான் அனுப்பிய ஒரு திபெத் வீடியோவில் தொடங்கியது. நாலு இரவாக அதே சரித்திரம்தான் ஓடுகிறது, இப்போது தலை சுற்றுகிறது.

முதல் வீடியோவில், 7ஆம் நூற்றாண்டில் சோங்சென் கம்போ என்று ஒரு பெரிய ராசா இருந்தார், அவர் நேபாளத்தில் பிருகுடி என்ற பெண்ணைக் கட்டினார், அவள் சீதனம் போலப் புத்தர் சிலையோடு வந்தாள், அப்படித்தான் சமயம் வந்தது என்கிறார்கள். அடுத்த வீடியோ அதெல்லாம் இல்லை, அதே ராசாவுக்கு வாழ்க்கைப்பட்ட சீனத்து இளவரசி வென்செங் கொண்டுவந்த சிலைதான் முதல் என்கிறது. மூன்றாவது வீடியோக்காரன் இருவரையும் தள்ளிவிட்டு, அந்த ராசாவுக்கு ஐந்து தலைமுறைக்கு முந்திய பாட்டன் ஒருவர் அரண்மனைக் கூரையில் இருந்தபோது வானத்தில் இருந்து பெட்டி விழுந்தது, அதற்குள் புத்த நூல் இருந்தது என்று சத்தியம் பண்ணுகிறான்.

எது நடந்தது, எது பிறகு கட்டிய கதை? மகளும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், நான் 'யானை வருது, பேசாமல் இரு' என்று சமாளிக்கிறேன்.

பழைய ரீச்சர்:

தம்பி, மூன்றும் திபெத்தியர்களே சொல்லும் கதைகள்தான். எந்தக் கதை எந்தக் காலத்தில் எழுதப்பட்டது என்று பார்த்தால் சிக்கல் பாதி அவிழ்ந்துவிடும்.

சோங்சென் கம்போ இருந்தது உண்மை, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. யார்லுங் பள்ளத்தாக்கு ராசாக்களின் வரிசையில் 33ஆவது என்று கணக்கு. தகப்பனை நஞ்சு வைத்துக் கொன்றார்கள், மகன் சின்ன வயதிலேயே பட்டத்துக்கு வந்து, கிளம்பிய கலகங்களை அடக்கி, அரசிருக்கையை ராசா என்ற இடத்துக்கு மாற்றினார் (ஊர்ப் பெயரே 'ராசா' தான், இன்றைய லாசா). 649 அல்லது 650இல் இறந்தார். அவர் முதலில் ஒரு போர்க்காரன், அதை மறந்துவிட்டு இந்தக் கதையை வாசிக்கக் கூடாது. மேற்கே ஷாங்ஷுங் என்றொரு நாடு, அதன் ராசாவுக்குத் தன் தங்கையைக் கட்டிக் கொடுத்தார். அங்கே அவளுக்கு வாழ்க்கை சரியில்லை. பார்த்துவரப் போன தூதனிடம் அவள் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டது ஒரு பெண்கள் தலையணியும் அதற்குள் கொஞ்சம் நீலப்பச்சைக் கற்களும். தைரியம் இருந்தால் கல்லைக் கழுத்தில் கட்டிக்கொண்டு சண்டைக்கு வா, இல்லையென்றால் தொப்பியைத் தலையில் போட்டுக்கொள் என்று அர்த்தம். அவர் கல்லைக் கட்டினார், ஷாங்ஷுங் போனது. எனக்கு இந்த ஆளின் கதையில் பிடித்த இடம் இதுதான்.

சீனப் பெண்ணும் அப்படி வந்தவள்தான். பெண் கேட்டார், தாங் பேரரசர் தட்டிக்கழித்தார், 638இல் சோங்சோ என்ற எல்லைப் பட்டணத்தில் சண்டை, பிறகு சம்மதம். 641இல் வென்செங் லாசாவுக்கு வந்தாள். அவள் பேரரசரின் சொந்த மகளும் இல்லை, அரச குடும்பத்தில் ஒரு பெண். ஆக இவை எல்லாம் அரசியல் கலியாணங்கள், சமயம் அதோடு ஒட்டிக்கொண்டு வந்த சாமான்.

இனிச் சான்றுக்கு வருவோம். சீனத்துப் பாலைவன ஓரத்தில் துன்ஹுவாங் என்ற இடத்தில், அடைத்துக் கிடந்த ஒரு குகை 1900இல் திறபட்டது. உள்ளே ஆயிரக்கணக்கில் ஏடுகள். அதில் திபெத்திய அரசின் ஆண்டுக் குறிப்பும் இருந்தது, இந்த வருசம் ராசா எங்கே தங்கினார், எங்கே வேட்டை, எங்கே கணக்கெடுப்பு, யார் செத்தார் என்று வரவு செலவுக் கொப்பி மாதிரி. அதில் வென்செங் வந்தது இருக்கிறது, அவளுடைய செத்தவீடு இருக்கிறது. பிருகுடி இல்லை. அதனால்தான் அவள் உண்மையில் இருந்தாளா என்றே ஆராய்ச்சிக்காரர் சிலர் கேட்கிறார்கள். நேபாளத்தோடு அந்த ராசாவுக்கு நெருக்கம் இருந்தது மட்டும் சரி.

ராசா புத்தரைக் கும்பிட்டாரா? 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் வழிவந்த ஒருவர் கார்ச்சுங் என்ற இடத்தில் நட்ட கல்தூண், சோங்சென் காலத்தில் ராசா ஊரில் கோயில் கட்டப்பட்டது என்று சொல்கிறது. அது பெரிய சாட்சி. ஆனால் ஆண்டுக் குறிப்பு அவருடைய சமயத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது, அவரைப் புதைத்ததும் சோங்யே பள்ளத்தாக்கில், பழைய ராசாக்களைப் போலவே, பெரிய மண்மேட்டுக்குள். நான் வாசிப்பது இப்படி: ஒரு கோயில் கட்டினார், ராணிகளின் சாமியை மதித்தார், தன் பழைய வழக்கத்தை விடவில்லை. நானூறு ஐந்நூறு வருசம் கழித்து எழுதியவர்கள் அவரைக் கருணைப் போதிசத்துவரான அவலோகிதேசுவரரின் அவதாரம் ஆக்கி, இரண்டு ராணிகளையும் பச்சைத் தாரை, வெள்ளைத் தாரை என்ற பெண் தெய்வங்கள் ஆக்கினார்கள்.

வானத்துப் பெட்டிக்கும் பதில் திபெத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பாட்டன் லா தோதோரி ஞென்சென், அரண்மனை யும்பு லாகாங். விழுந்ததை வாசிக்க ஆள் இல்லாமல் 'வல்லமையான மறைபொருள்' என்று பெயர் வைத்துப் பூசை செய்தார்களாம். 13ஆம் நூற்றாண்டில் ஒரு திபெத்திய அறிஞரே எழுதிவிட்டார்: நூலை இந்தியாவில் இருந்து ஆட்கள்தான் கொண்டுவந்தார்கள், திபெத்தின் பழைய 'பொன்' என்ற சமயத்தவருக்கு வானம் என்றால் விருப்பம் என்பதால் வானத்தில் இருந்து விழுந்ததாகச் சொன்னார்கள் என்று. எழுநூறு வருசத்துக்கு முன்பே அவர்களே சிரித்திருக்கிறார்கள்.

மாங்குளம்சந்தி:

நல்லாய் இருக்கிறது. இங்கே எங்களுக்குப் புத்தர் என்றால் இரவோடு இரவாகச் சந்தி மரத்துக்குக் கீழே முளைக்கிற சிலைதான் தெரியும். அதைக் கதைக்காமல் திபெத்து ராசாவின் கலியாணத்தைக் கதைத்து என்ன பிரயோசனம்?

காவற்கொட்டில்:

அண்ணை, அதைத் தினமும் கதைக்கிறோம்தானே. ஒரு சமயம் ஒரு நாட்டுக்குள் எப்படி எப்படி எல்லாம் நுழையும் என்று தெரிந்துகொள்ள ஆசை, அவ்வளவுதான். நேற்று இரவு ஒரு கொம்பன் வந்து வரம்பில் நின்று எங்களைப் பார்த்துவிட்டுப் போனது, அதற்கும் பிரயோசனம் என்று ஒன்றும் இல்லை.

கட்டுக்கரை:

ரீச்சர் அக்கா ஒரு பெரிய விசயத்தை விட்டுவிட்டா. எழுத்து. அந்த ராசா செய்ததில் இன்றைக்கும் நிலைத்து நிற்பது அதுதான், கோயிலை விட.

தொன்மி சம்போட்டா என்ற மந்திரியை இந்தியாவுக்கு அனுப்பி எழுத்துக் கற்றுவரச் சொன்னார் என்பது மரபு. (அந்தப் பெயரும் பழைய ஏடுகளில் இல்லை, பிருகுடி மாதிரியே. ஆனால் எழுத்து வந்தது அவர் காலத்தில்தான்.) வட இந்தியாவில் அப்போது புழங்கிய, பிராமி வழி வந்த எழுத்தைப் பார்த்துச் செய்தது. 30 மெய்யும் 4 உயிர்க் குறியும். அந்த அட்டவணையை ஒருமுறை பாருங்கள், நாலு நாலாக நிற்கும். முதல் வரிசையில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் எடுத்தால் நம்முடைய க, ங. அடுத்த வரிசையில் ச, ஞ. பிறகு த, ந. பிறகு ப, ம. அரிவரியில் நாங்கள் பாடிய அதே ஒழுங்கு! ட, ண இல்லை, அந்தச் சத்தம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை, வெட்டிவிட்டார்கள். தங்கள் வாயில் இருந்து சமஸ்கிருதத்தில் இல்லாத சத்தங்களுக்கு ஆறு எழுத்துப் புதிதாகச் செய்துகொண்டார்கள். சும்மா கொப்பி அடித்த வேலை இல்லை.

இன்னொன்று. அந்த ராசாவின் பெயரை அவர்கள் எழுதுகிறபடி எழுத்துக் கூட்டினால் 'ஸ்ரொங் ப்த்சன் ஸ்கம் போ' என்று வரும். சொல்வது சோங்சென் கம்போ. வாய் மாறிப் போனது, எழுத்து பழையபடி நிற்கிறது. நாங்கள் 'என்று' என்று எழுதி 'எண்டு' என்று வாசிப்பதைத்தான் அவர்கள் ஆயிரம் வருசத்துக்கு மேலாகச் செய்கிறார்கள்.

இந்த எழுத்தைப் புத்த நூலை மொழிபெயர்க்கவே கொண்டுவந்தார்கள் என்று எல்லா வீடியோவும் சொல்லும். ஆண்டுக் குறிப்பில் எழுத்து தலைகாட்டுகிற இடம் வேறு. 654இல் பெரிய கணக்கெடுப்பு, படைக்குப் போகிற குடி எது, உழுகிற குடி எது என்று பிரித்தார்கள். 655இல் முதல் மந்திரி கார் தொங்சென் சட்டத்தை எழுதி வைத்தார். சோங்சென் செத்து ஐந்து வருசம், பேரன் பெயருக்கு ராசா, ஆட்சி இந்தக் காரின் கையில். ஆக முதலில் சட்டமும் வரியும், மந்திரம் எல்லாம் அப்புறம். கிராம அலுவலரின் பதிவேடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பதிவேடு இல்லாமல் பிறகு புத்த நூல் ஒன்றையும் திபெத்தியில் எழுதியிருக்க முடியாது.

பாலைப்பழம்:

கார் என்றதும் ஞாபகம் வந்தது, அவர் தன் ராசாவுக்காகச் சீனத்தில் பெண் கேட்டுப் போன கதையைச் சொல்லாமல் போகக் கூடாது. பல நாட்டுத் தூதர்கள் வந்து நின்றார்களாம், பேரரசர் எல்லோருக்கும் பரீட்சை வைத்தார். ஒரு நீலப்பச்சைக் கல், அதற்குள் நெளிந்து நெளிந்து போகிற ஒரு துளை, அதில் பட்டு நூலைக் கோர்க்க வேண்டும். மற்றவர்கள் நூலை எச்சில் பண்ணித் தள்ளிப் பார்த்தார்கள். கார் ஓர் எறும்பைப் பிடித்து இடுப்பில் நூலைக் கட்டி, துளைக்குள் விட்டுப் பின்னால் மெல்ல ஊதினார். எறும்பு நூலோடு அந்தப் பக்கம் வந்தது. பிறகு நூறு தாய்க் குதிரையையும் நூறு குட்டியையும் கலந்து விட்டு, எதற்கு எது தாய் என்று கேட்டார்கள். குட்டிகளை இரவு முழுக்கத் தண்ணீர் காட்டாமல் கட்டிவைத்துக் காலையில் அவிழ்த்தார், ஒவ்வொன்றும் தன் தாயிடம் ஓடியது. மாடு வளர்க்கிற வீட்டில் இதைக் கேட்டிருந்தால் நாங்களும் சொல்லியிருப்போம்.

தேவநம்பிய தீசனிடம், இலங்கைக்குப் புத்த சமயம் கொண்டுவந்த மகிந்தர் மாமரக் கேள்வி கேட்டதைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்தோமே, இந்த மரத்தைத் தவிர வேறு மாமரம் உண்டா என்று? மிகிந்தலை மலை வவுனியாவில் இருந்து பஸ்ஸில் போய்விட்டுப் பின்னேரம் திரும்புகிற தூரம். அங்கே கேள்வி ராசாவுக்கு, இங்கே மந்திரிக்கு.

கோயில் கட்டிய கதை இன்னும் விசேசம். திபெத் நிலமே மல்லாந்து கிடக்கிற ஓர் அரக்கி என்று வென்செங் நிமித்தம் பார்த்துச் சொன்னாளாம். அவள் அசையாமல் இருக்கக் கை, கால், தோள், இடுப்பு என்று பன்னிரண்டு இடத்தில் கோயிலை ஆணி மாதிரி அடித்தார்கள். இதயத்தில் ஓர் ஏரி, அதைத் தூர்த்து அதன்மேல் பெரிய கோயில், இன்றைய ஜோகாங். மண் சுமந்தது ஆடுகள். திபெத்தியில் 'ரா' ஆடு, 'சா' மண், இடம். அதனால்தான் ஊர் 'ராசா' என்று ஒரு விளக்கம், பிறகுதான் தெய்வத்தின் இடம் என்று 'லாசா' ஆனது. அந்தப் பன்னிரண்டில் இரண்டு இப்போது பூட்டானுக்குள் இருக்கின்றன, பாரோவில் ஒன்று, பும்தாங்கில் ஒன்று.

நாங்கள் குளத்தைக் கட்டி, கட்டில் ஒரு ஐயனாரையோ பிள்ளையாரையோ வைத்துக் குளத்தைப் பார்த்துக்கொள் என்று விடுவோம். அவர்கள் குளத்தையே மூடிவிட்டுச் சாமியை வைத்திருக்கிறார்கள். எங்கள் கமக்காரர் சங்கத்தில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள்.

மாங்குளம்சந்தி:

ஏச வந்தவன் உட்கார்ந்து வாசித்துவிட்டேன். அரக்கி கதை எனக்கு விளங்குகிறது. ஊரில் முன்பே இருந்த தெய்வங்களைக் கீழே போட்டு மேலே ஆணி அடித்த கதையைத்தான் அப்படி அழகாகச் சொல்கிறார்கள். அரக்கியைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பாள்.

சரி, எனக்குத் தெரிந்ததையும் போடுகிறேன். இந்த ராசாவின் காலத்தில் நம் பக்கம் யார் என்று யோசித்தீர்களா? காஞ்சியில் முதலாம் நரசிம்மவர்மன். வென்செங் லாசாவுக்குள் நுழைந்தது 641, நரசிம்மவர்மன் வாதாபியைப் பிடித்தது 642. அவனிடம் அடைக்கலமாக இருந்த சிங்கள இளவரசன் மானவர்மன், பிறகு பல்லவப் படையோடு வந்து அனுராதபுரத்தில் முடி சூடினான். 640 அளவில் சீன யாத்திரீகர் சுவான்சாங் காஞ்சிக்கு வந்து, அங்கிருந்து இலங்கைக்குக் கப்பல் ஏற நினைத்தார், இலங்கையில் இருந்து ஓடிவந்த பிக்குகளே அங்கே பஞ்சம், குழப்பம் என்று சொல்லவும் திரும்பிப் போனார். நாலந்தாவில் அவருக்குப் படிப்பித்தவர் சீலபத்திரர், சீலபத்திரரின் குரு தர்மபாலர் காஞ்சிபுரத்து ஆள். வட இந்தியப் பேரரசர் ஹர்சர் செத்த குழப்பத்தில், 648இல், சீனத் தூதன் வாங் சுவான்சே கொள்ளையடிக்கப்பட்டுத் தப்பி ஓடினான், அவனுக்கு 1,200 திபெத்திய வீரரும் 7,000 நேபாளக் குதிரைவீரரும் துணைக்குப் போய், எதிர்த்தவனைப் பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் படையை அனுப்பிய திபெத்து ராசா நம்முடைய சோங்சென்தான்.

காவற்கொட்டில்:

அண்ணை, இப்படி வைத்துக்கொண்டா பிரயோசனம் கேட்டீர்கள்!

அப்போ ரீச்சர், சோங்சென் ஒரு கோயிலோடு நிறுத்திவிட்டார் என்றால், நாடு முழுக்கப் புத்த நாடு ஆனது எப்போது? பிக்குகள் எப்போது வந்தார்கள்?

பழைய ரீச்சர்:

நூற்று முப்பது வருசம் கழித்து. திரிசோங் தெட்சன் என்ற ராசா. என்னைக் கேட்டால் பெயர் அவருக்குத்தான் போகவேண்டும்.

755இல் தகப்பனை மந்திரிகள் கொன்றார்கள், இவர் அப்போது பையன். புத்த சமயம் பிடிக்காத மந்திரிகள் அதைத் தடையும் செய்தார்கள். அதிலேயே தெரிகிறது, சோங்சென் கம்போ காலத்தில் நாடு மாறிவிட்டது என்பது கதை என்று. மாறிய நாட்டில் யார் தடை போடுவார்? இந்தப் பையன் வளர்ந்து 763இல் அவருடைய படை சீனத் தலைநகர் சாங்கானையே கொஞ்ச நாள் பிடித்து வைத்திருந்தது, அவ்வளவு பலம். அதற்குப் பிறகுதான் நாலந்தா அறிஞர் சாந்தரட்சிதரை அழைத்தார். அவர் வந்து போதிக்கத் தொடங்க, வெள்ளம், இடி, கொள்ளைநோய். சனம் 'பார், எங்கள் தெய்வங்களுக்குக் கோபம்' என்றது. மனிதர் பேசாமல் நேபாளத்துக்குத் திரும்பிவிட்டார். பிறகு அவருடைய ஆலோசனையின்படி பத்மசம்பவரைக் கூப்பிட்டார்கள். தத்துவம் படித்தவருக்கு அடங்காத தெய்வங்களை மந்திரம் தெரிந்தவர் அடக்கினார் என்று மரபு, அடக்கியவற்றைக் கொல்லாமல் சத்தியம் வாங்கிக் காவலுக்கு வைத்தார். மாங்குளம்சந்தி சொன்ன ஆணி அடிக்கிற கதையில் இருந்து இது ஒரு படி மாறியிருக்கிறது, கவனியுங்கள்.

775 அளவில் சம்யே விகாரைக்கு அடிக்கல், 779இல் வேலை முடிந்தது. நடுவில் மேருமலை மாதிரி மூன்று மாடிக் கோயில், சுற்றிவர வட்ட மதில், உலகத்தையே தரையில் வரைந்த மாதிரி. திபெத்தியர் ஏழு பேரை முதன்முதலாகப் பிக்கு ஆக்கியது அங்கேதான். திபெத்தியரால் இந்த விரதம் காக்க முடியுமா என்று பார்க்கத்தானாம், அவர்களுக்குப் பெயரே 'சோதித்துப் பார்த்த ஏழு பேர்'. சமயம் அரசின் சமயம் என்று ஆணையும் போட்டார், தூண் இன்னும் சம்யேயில் நிற்கிறது. அப்புறம் 792 முதல் 794 வரை, ஞானம் ஒரேயடியாக வருமா படிப்படியாக வருமா என்று சீனத் துறவி மோகெயனும் இந்திய அறிஞர் கமலசீலரும் வாதிட்டார்கள், கமலசீலர் வென்றதாகத் திபெத்தியர் எழுதிவைத்திருக்கிறார்கள். சீன ஏடு வேறு மாதிரிச் சொல்கிறது, அது எப்போதும் அப்படித்தான்.

சின்னவளுக்கு இவ்வளவும் வேண்டாம் தம்பி. தங்கச்சியின் தொப்பியும் எறும்பும் போதும்.

காவற்கொட்டில்:

எறும்பைச் சொல்லிப் பெரிய பிழை விட்டேன் ரீச்சர். இன்று பின்னேரம் பப்பாசிக் குழலை வளைத்து வைத்துக்கொண்டு, தாயின் தையல் பெட்டியில் இருந்து நூல் எடுத்து, கட்டெறும்பு பிடிக்கிறேன் என்று வேலியடியில் நின்றாள். கட்டுவதற்குள் இரண்டு தரம் கடி வாங்கினாள். மூன்றாவது எறும்பு உள்ளே போனது, ஊதினாள், பாதி வழியில் நின்று திரும்பி நூலையும் இழுத்துக்கொண்டு அவள் பக்கமே வந்துவிட்டது. சீன ராசா பெண் தந்திருக்க மாட்டார்.

கொட்டிலுக்கு வந்துவிட்டேன். தெற்குப் பக்கம் பாலை மரத்தடியில் ஏதோ முறிகிற சத்தம், போனை வைக்கிறேன்.